பிறந்தநாள் கணக்கு

2025 ஜூன் 8. பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் சின்னரின் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகளிலிருந்து தப்பி, 5 மணி 29 நிமிஷம் ஆடி, அல்கராஸ் ஜெயித்தார். அவருக்கு அது ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம். அன்றைக்கு அவர் வயது 22 வருடம், 1 மாதம், 3 நாள். நடால் தன்னுடைய ஐந்தாவது பட்டத்தை வாங்கியது 2008 விம்பிள்டனில், ஃபெடரரை ஐந்து செட் ஆடி ஜெயித்த அந்தப் பிரசித்தி பெற்ற ஆட்டத்தில். அன்றைக்கு நடாலுக்கு என்ன வயது? 22 வருடம், 1 மாதம், 3 நாள். நாள் பிசகாமல் அதே வயது.

இந்த மாதிரிக் கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. பல வருடமாக ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். டென்னிஸ் சாம்பியன்களின் பிறந்த தேதி, ஒவ்வொரு பட்டமும் வாங்கிய தேதி, அப்போது என்ன வயது. உடனே அதைத் திறந்து போர்க் எங்கே இருக்கிறார் என்று பார்த்தேன். அவருடைய ஐந்தாவது பட்டம் 1978 ஜூன் 11, பாரிஸ். 22 வயதும் 5 நாளும். மற்ற இரண்டு பேரையும்விடச் சுமார் ஒரு மாதம் முந்தி.

மூன்று பேர், மூன்று தலைமுறை, ஒரே வயது, ஒரே எண்ணிக்கை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளோடு இத்தனை நாள் புழங்கியதில் எனக்கு அதன் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஏன் என்று எழுதிவைக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்தத் தாளிலேயே பெரிய வேடிக்கை. 25வது பிறந்தநாள் அன்று யார் எத்தனை பட்டம் வைத்திருந்தார்கள்? போர்க் 10. நடால் 9. ஃபெடரர் 8. சாம்ப்ராஸ் 7. ஜோகோவிச் 5. சரி, கடைசியில் யார் எங்கே போய் நின்றார்கள்? போர்க் 11, நடால் 22, ஃபெடரர் 20, சாம்ப்ராஸ் 14, ஜோகோவிச் 24. வரிசையில் முதலில் நின்றவர் கடைசிக்குப் போனார், கடைசியில் நின்றவர் முதலுக்கு வந்தார். ஜோகோவிச்சின் 24 பட்டங்களில் சரிபாதி, 12 பட்டங்கள், 30 வயது முடிந்த பிறகு வந்தவை. 2012இல் இந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராவது ஆரூடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு வெளியே தலைகாட்ட முடியாது. நான் சொன்னேன். அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

இன்னொரு சின்ன மோசடியும் இதில் உண்டு. "25 வயதில்" என்றால் என்ன அர்த்தம்? 25வது பிறந்தநாள் அன்றா, அல்லது 26 ஆவதற்கு முன்னாலா? பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். ஃபெடரருக்கு முதல் கணக்கில் 8, இரண்டாவது கணக்கில் 11. ஒரே ஒரு சொல்லுக்குள் மூன்று கிராண்ட்ஸ்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறது. போர்க்கின் பிறந்தநாள் ஜூன் 6. 1981இல் அவர் 25வது பிறந்தநாளைப் பாரிஸில் கழித்தார், அப்போது 10. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லெண்டிலை ஐந்து செட்டில் ஜெயித்தார், 11. நடாலுக்கும் ஜூன் 3, அதே பிரெஞ்சு ஓபன் வாரங்கள். 2011இல் பிறந்தநாள் அன்று 9, இரண்டு நாள் கழித்து 10. ஃபெடரர் ரசிகனான நான் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு விவாதம் பண்ணியிருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இதெல்லாம் சில்லறை விஷயம். அடிப்படைக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே வயதில் இரண்டு பேரை ஒப்பிடும்போது, அந்த வயதுவரை இரண்டு பேருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருந்தது என்று நாம் பேசாமல் எடுத்துக்கொள்கிறோம். வருஷத்துக்கு நாலு கிராண்ட்ஸ்லாம், எல்லாரும் நாலுக்கும் போவார்கள் என்று. இந்தப் பழக்கத்துக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

போர்க்கையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய ஓபனில் அவர் வாழ்நாளில் ஆடியது ஒரே ஒரு தடவை, 1974இல். தூரம், பரிசுப் பணம் குறைச்சல், வருஷக் கடைசியில் கிறிஸ்துமஸ் நேரத்தில் நடந்தது. அவர் மட்டுமில்லை, கான்னர்ஸும் அங்கே போனது இரண்டே தடவை. யாருக்கும் அது பெரிய இழப்பாகவே படவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பட்டங்களை எண்ணி யாரும் தாள் போடவில்லை. 1977இல் போர்க் அமெரிக்காவின் வேர்ல்ட் டீம் டென்னிஸில் ஆட ஒப்பந்தம் போட்டதால் பிரெஞ்சு ஓபனுக்கே போகவில்லை. அதற்கு முன்னால் இரண்டு தடவை, பின்னால் நாலு தடவை அதை ஜெயித்தவர். அவர் மொத்தமே ஆடிய கிராண்ட்ஸ்லாம் 27, ஜெயித்தது 11. ஃபெடரரும் தன் 26வது பிறந்தநாளில் 11தான் வைத்திருந்தார், ஆனால் அதற்கு 33 போட்டிகள் ஆடியிருந்தார். தாளில் இரண்டும் 11 என்றுதான் விழும்.

1981இல் விம்பிள்டன், யு.எஸ். ஓபன் இரண்டு இறுதியாட்டங்களிலும் மெக்கன்ரோவிடம் தோற்றார் போர்க். அடுத்த வருஷம் ஆட்டங்களைக் குறைத்துக்கொள்ள நினைத்தபோது, பத்துப் போட்டியாவது ஆட ஒப்புக்கொள்ளவில்லை என்றால் தகுதிச்சுற்றில் இருந்து வர வேண்டும் என்றது விதி. ஐந்து தடவை விம்பிள்டன் ஜெயித்தவர் தகுதிச்சுற்று ஆடுவாரா? போகவில்லை. 1983 ஜனவரியில் ஓய்வு. வயது 26.

இனி என்னை நிஜமாகவே உறுத்திய வரி. 30வது பிறந்தநாளில் ராய் எமர்சன் 10, ராட் லேவர் 7.

இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர்கள். எமர்சன் ஒன்றே முக்கால் வயது மூத்தவர். தாளை நம்பினால் எமர்சன்தான் பெரிய ஆட்டக்காரர் என்று ஆகிறது. டென்னிஸ் பார்த்த எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எமர்சன் உட்பட. 1962இல் லேவர் நாலு கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தபோது அதில் மூன்று இறுதியாட்டங்களில் எதிரே நின்று தோற்றவர் எமர்சன்தானே. பிறகு எப்படி இந்த 10-7?

விஷயம் தெரிந்தவர்களுக்குப் பழங்கதைதான், ஆனாலும் எண்களோடு சேர்த்துப் பார்க்கிறபோது அதன் கனம் வேறு மாதிரி இருக்கிறது. 1968 வரை விம்பிள்டன் முதலான நாலு போட்டிகளிலும் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். பணத்துக்கு ஆடுகிறேன் என்று வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டால் அன்றோடு கதவு சாத்தப்படும். அமெச்சூர்கள் பணமே வாங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயணச் செலவு என்ற பெயரில் மறைவாகக் கைமாறியது. வெளிப்படையாக வாங்கியவன் மட்டும் தள்ளிவைக்கப்பட்டான். அந்தத் தள்ளிவைக்கப்பட்டவர்களைத் திரட்டி ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆடவைத்தவர்களில் முக்கியமானவர் ஜாக் கிரேமர். கேன்வாஸ் துணியில் செய்த ஆடுகளத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றி, கூடைப்பந்து அரங்கத்தில் விரித்து, ஒரு ராத்திரி ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு. நம் ஊர் நாடகக் கம்பெனி மாதிரி ஒரு பிழைப்பு.

1962இல் நாலையும் ஜெயித்த கையோடு லேவர் அந்தப் பக்கம் போனார். உலக சாம்பியன் என்று நம்பிப் போனவருக்கு முதல் மாதங்களில் ரோஸ்வாலிடமும் லூ ஹோடிடமும் அடி மேல் அடி. நிஜமான டென்னிஸ் எங்கே நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1963 முதல் 1967 வரை ஐந்து வருடம், 20 கிராண்ட்ஸ்லாம், ஒன்றில்கூட லேவர் கால்வைக்க முடியாது. 24 வயதிலிருந்து 29 வரை, ஒரு ஆட்டக்காரனின் உச்சமான வருடங்கள். அதே ஐந்து வருடத்தில் எமர்சன் ஜெயித்தது 10. அவருடைய மொத்தப் பட்டமே 12. அந்த 12 என்பது 2000இல் சாம்ப்ராஸ் தாண்டும்வரை ஆண்கள் சாதனையாக நின்றது.

எமர்சனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் நன்றாக ஆடினார், கதவு திறந்திருந்த பக்கம் நின்றார், அவ்வளவுதான்.

இங்கே நம்மூர்க்காரர் ஒருவரும் வருகிறார். 1961 விம்பிள்டன் காலிறுதியில் எமர்சனை நேர் செட்களில் சாய்த்தவர் ராமநாதன் கிருஷ்ணன். அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். லேவர் அந்த வருஷம் பட்டம் வாங்கினார். முந்தைய வருஷமும் கிருஷ்ணன் அரையிறுதிவரை போய், பட்டம் வாங்கிய நீல் ஃப்ரேசரிடம்தான் தோற்றிருந்தார். கிரேமரின் அழைப்பு அவருக்கும் வந்தது, அவர் போகவில்லை. எமர்சனுக்கும் கிருஷ்ணனுக்கும் அப்போது ஒரே வயது, 24. என் தாளில் அந்த வயதில் எமர்சன் பெயருக்கு எதிரே எண் இருக்கிறது, கிருஷ்ணனுக்கு வரியே இல்லை. அந்த ஒரு நாளைக்கு அந்த இரண்டு பேரில் யார் பெரியவர் என்பது ஸ்கோர்கார்டில் மட்டும் இருக்கிறது.

1967 ஆகஸ்டில் விம்பிள்டன் சென்டர் கோர்ட்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். பிபிசியின் கலர் டிவி ஒளிபரப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது, அதற்காகவும்தான். லேவர் ஜெயித்தார், ரோஸ்வால் இரண்டாவது. ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். அடுத்த வருஷம் கதவு திறந்துவிட்டது. திறந்த முதல் விம்பிள்டனை லேவர் ஜெயித்தார், 1969இல் மறுபடியும் நாலும். 1961, 62, 68, 69 நாலு தடவையும் விம்பிள்டன் சாம்பியன் அவர். நடுவில் ஐந்து வருஷம் வரக்கூடாது என்றார்கள். வரவிட்ட வருஷங்களில் 1961இல் இருந்து 1970 நாலாவது சுற்றுவரை தொடர்ந்து 31 ஆட்டம் தோற்கவே இல்லை. அந்த ஐந்து கட்டத்தில் நாம் என்ன எண் போடுவது? மனசுக்குத் தோன்றியதைப் போடலாம், ஆனால் அது வரலாறு ஆகாது. காலியாக விட்டால் சைபர் என்று படிக்கிறார்கள். அதுவும் வரலாறு ஆகாது.

ஆனால் லேவரின் இழப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரோஸ்வாலைப் பற்றி ஏன் அவ்வளவு பேசுவதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. சிட்னிக்காரர், குள்ளமான, மெலிந்த உருவம். அதனாலேயே கேலியாக "மசில்ஸ்" என்று பட்டப்பெயர். 18 வயதில் ஆஸ்திரேலியப் பட்டமும் பிரெஞ்சுப் பட்டமும் வாங்கினார், 1953இல். 22வது பிறந்தநாளில் 4 பட்டம். பிறகு தொழில்முறைக்குப் போனார். 33வது பிறந்தநாளிலும் 4 பட்டம்தான். தாளில் அந்த வரியைப் பார்த்தால் சீக்கிரமே எரிந்து அணைந்துபோன ஒரு பையன் என்றுதான் தோன்றும். உண்மையில் நடுவில் பதினொரு வருடம், 1968 ஆஸ்திரேலியாவையும் சேர்த்து 45 கிராண்ட்ஸ்லாம், அவருக்கு மூடியிருந்தது. அந்தக் காலத்தில் தொழில்முறைக்காரர்களுக்கென்று இருந்த மூன்று பெரிய போட்டிகளில், வெம்ப்ளி, பிரெஞ்சு புரோ, யு.எஸ். புரோ இவற்றில், 15 பட்டம் வாங்கினார். லேவருக்கே அது எட்டுதான். அந்த 15-ஐ அப்படியே கிராண்ட்ஸ்லாமோடு கூட்டிவிட வேண்டும் என்று சில பேர் சொல்வார்கள். நான் கூட்ட மாட்டேன். அவை சின்னப் போட்டிகள், சில ஆட்டங்களிலேயே பட்டம். ஆனால் எதிரே நிற்பவர் கோன்சாலஸோ ஹோடோ லேவரோதான், சுளுவான முதல் சுற்று கிடையாது. கூட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது.

1968 ஏப்ரலில் போர்ன்மத் நகரில் முதல் ஓபன் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ரோஸ்வால், இறுதியில் தோற்றவர் லேவர். அடுத்த மாதம் பாரிஸில் மாணவர் போராட்டமும் வேலைநிறுத்தமும் உச்சத்தில் இருக்கும்போது முதல் ஓபன் கிராண்ட்ஸ்லாம். அதிலும் ரோஸ்வால், அதிலும் எதிரே லேவர். பாரிஸில் முதல் தடவை ஜெயித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் 35 வயதில் யு.எஸ். ஓபன், 36இலும் 37இலும் ஆஸ்திரேலிய ஓபன். 1972இல் வாங்கிய அந்தக் கடைசிப் பட்டத்துக்கு அவருக்கிருந்த வயதை, ஓபன் காலத்து ஆண்களில் ஜோகோவிச்கூட இன்னும் தாண்டவில்லை. 39 வயதில் விம்பிள்டன் இறுதிக்கு வந்து கான்னர்ஸிடம் தோற்றார். விம்பிள்டன் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. நாலு தடவை இறுதியாட்டம், நாலும் தோல்வி. இரண்டாவது தோல்விக்கும் மூன்றாவது தோல்விக்கும் நடுவில் பதினாலு வருஷம்.

(கோன்சாலஸ் கதை இன்னும் மோசம். 21 வயதில் இரண்டு பட்டத்தோடு தொழில்முறைக்குப் போனார், கதவு திறந்தபோது 40 வயது. 41இல் விம்பிள்டனில் பசரெல்லோடு 112 கேம் ஆடி ஜெயித்தார். தாளில் அவருக்கு மொத்தம் 2.)

இது ஆண்கள் கதை, பழைய கதை, விதி போட்டுத் தடுத்த கதை. தடை எதுவும் இல்லாமலேயே இதே கோளாறு வரும் என்பதற்கு கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா. 25வது பிறந்தநாளில் எவர்ட் 9, நவ்ரத்திலோவா 2. 30வது பிறந்தநாளில் 16, 15. கடைசியில் 18, 18.

முதல் வரியை மட்டும் பார்த்தால் இது போட்டியே இல்லை. ஆனால் நவ்ரத்திலோவாவின் அந்த வருடங்களில் என்ன நடந்தது? 1975 யு.எஸ். ஓபன் சமயத்தில், 18 வயதில், செக்கோஸ்லோவாகியாவுக்குத் திரும்ப மாட்டேன் என்று அமெரிக்காவில் தஞ்சம் கேட்டார். அப்பா அம்மா தங்கை எல்லாம் அந்தப் பக்கம். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1981இல், 24 வயதில். கூடைப்பந்து வீராங்கனை நான்ஸி லீபர்மனோடு சேர்ந்து உடற்பயிற்சியை அடியோடு மாற்றிக்கொண்டதும் அதே வருஷம். 16 பட்டங்கள் அதற்குப் பிறகுதான். குடியுரிமை கிடைத்ததால் ஜெயித்தார் என்று ஒரே கோடு போட்டுவிட மாட்டேன். இரண்டும் ஒரே வருஷம் என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

சரி, அப்போ எவர்டின் 9 அவருக்கு நியாயமான எண்ணா? அதுவும் இல்லை! 1973 ஆகஸ்டிலிருந்து 1979 மேவரை களிமண் ஆடுகளத்தில் அவர் தொடர்ந்து 125 ஆட்டம் ஜெயித்தார். இப்படிப்பட்டவர் 1976, 77, 78 மூன்று வருஷம் பிரெஞ்சு ஓபனுக்குப் போகவே இல்லை, டீம் டென்னிஸ் ஆடப் போய்விட்டார். அந்த மூன்று வருஷமும் சூ பார்க்கர், மீமா யவுஷோவெச், விர்ஜினியா ருசிச் ஜெயித்தார்கள். மூன்று பேருக்கும் வாழ்நாளில் அது ஒன்றுதான் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம். ஆஸ்திரேலியாவுக்கும் 1974க்கு அப்புறம் 1981 வரை போகவில்லை. ஆடிய இடத்தில் யாரும் தோற்கடிக்க முடியாத ஒருத்தர், பட்டத்தைப் பொறுக்கிக்கொள்ளக்கூடப் போகவில்லை. இன்றைய கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு டீம் டென்னிஸில் சம்பளம் நிச்சயம், 18 என்ற எண்ணை யாரும் துரத்திக்கொண்டிருக்கவில்லை.

இதையெல்லாம் யோசித்துப் போன மாதம் தாளில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாமுக்கும் எதிரே "ஆடினார்", "போகவில்லை", "விடவில்லை", "காயம்" என்று நாலில் ஒன்று. லேவருக்கு 1963-67 முழுக்க "விடவில்லை". போர்க்குக்கு ஆஸ்திரேலியா முழுக்க "போகவில்லை". வேலை மளமளவென்று ஓடியது, மோனிகா செலஸ் வரும்வரை.

செலஸுக்கும் ஸ்டெஃபி கிராஃபுக்கும் ஒரே வயதுக் கணக்கு இப்படி: 19 வயதும் ஐந்து மாதமும் ஆகிறபோது செலஸ் 8, கிராஃப் 5. அந்த 5இல் 1988இல் ஒரே வருஷத்தில் நாலும், கூட ஒலிம்பிக் தங்கமும் வாங்கிய சாதனை அடங்கியிருக்கிறது. அதையும் தாண்டி 8. 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். ஆட்டத்தின் நடுவே பக்கம் மாறும் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செலஸின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் அவன் நோக்கம். அவன் சிறைக்குப் போகவில்லை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே வந்தான். செலஸ் அதற்கப்புறம் ஜெர்மனியில் ஆடவே இல்லை.

அவர் இல்லாத காலத்தில் 10 கிராண்ட்ஸ்லாம் நடந்தன. அதில் ஆறு கிராஃபுக்கு. மொத்தமாகப் பார்த்தால் கத்திக்குத்துக்கு முன்னால் கிராஃப் வாங்கியது 11, பின்னால் 11. கிராஃப் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஒருவன் செய்ததற்கு அவருடைய 22-ஐ வெட்டிக் குறைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பத்துக் கட்டத்தில் என் நாலு சொற்களில் எதைப் போடுவது? "காயம்" என்றால் ஏதோ முட்டி வலி மாதிரி இருக்கிறது. உடம்பில் பட்ட காயம் சில வாரத்தில் ஆறிவிட்டது, அவர் வெளியே இருந்தது இரண்டு வருடத்துக்கும் மேல். "போகவில்லை" என்று எழுதக் கை வரவில்லை. லேவருக்குப் போட்ட "விடவில்லை"யைப் போடலாம் என்று ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், மறுநாள் அழித்துவிட்டேன்.

1995 ஆகஸ்டில் திரும்பி வந்தார். முதலில் ஆடிய கிராண்ட்ஸ்லாமிலேயே, யு.எஸ். ஓபனில், இறுதிவரை போனார். எதிரே கிராஃப். 7-6, 0-6, 6-3 என்று கிராஃப் ஜெயித்தார். அடுத்த ஜனவரியில் செலஸ் ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்தார். வயது 22, பட்டம் 9. அதற்குப் பிறகு அந்த வரியில் எண் மாறவில்லை.